பிடரி வெள்ளையா, வெளிச்சமா?

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே புடிச்சுக்குங்க. அசையாதீங்க. ம்... விடுங்க."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்கிறோம் என்று செவ்வந்திக்கே தெரியாது. ஆர்.எஸ்.புரத்தில் நகைக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. சளி கட்டிய குழந்தை, வண்டியிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட காலேஜ் மாணவன், இடுப்புவலிக்கார ஜவுளிக்கடை முதலாளி, யாராக இருந்தாலும் அவள் சொன்னால் சிலையாகிவிடுவார்கள். வீறிட்டு அழும் பிள்ளைகூட அந்த ஒரு நொடிக்கு வாயை மூடும். அசையாதே என்றால் அசையாத உலகத்தில் நாற்பத்தாறு வயது வரை வாழ்ந்துவிட்டவளுக்கு, ஒரு தை மாதக் காலையில் மரங்கொத்தி ஒன்று எதிர்ப்பட்டது.

செவ்வந்தி பிறந்தது அந்தியூர்ப் பக்கம். அப்பா மாசாணம் கரும்புக் காட்டில் கூலிக்குப் போனவர். அக்கா பொன்னாத்தாள் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டாள். தங்கை ஹாஸ்டலில் தங்கிப் படித்து, எக்ஸ்ரே டெக்னீசியன் டிப்ளமா முடித்து, கோயமுத்தூருக்கு வந்து சேர்ந்தாள். கணவன் தமிழ்வேந்தன் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். வேடப்பட்டியைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரே மகள் சண்முகப்பிரியா பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் பீரோவில் விட்டுப்போனது ஒரு கேமரா. லென்ஸைக் கழற்ற முடியாது, ஆனால் பட்டனை அழுத்தினால் தும்பிக்கை மாதிரி நீளும்.

அன்றைக்குக் காலையில் யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து செவ்வந்தி எழுந்துபோய்த் திறந்தாள். ஒருவரும் இல்லை. மறுபடி தட்டும் சத்தம். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், முருங்கைமரத்தில் நெருப்பை முதுகில் கட்டிக்கொண்டது போல ஒரு பறவை. தலையில் சிவப்புக் கொண்டை, முதுகு முழுக்கப் பொன். அவளைக் கண்டதும் குதிரை கனைப்பது போலக் கத்திக்கொண்டு தோப்புக்குள் பறந்துபோனது.

மறுநாள் கேமராவோடு காத்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள். வந்தது வெறும் முருங்கைமரம். மறுபடி அழுத்தினாள். ஒரு மஞ்சள் தீற்றல். "அசையாம நில்லு சாமி" என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அது மரத்துக்குப் பின்பக்கம் போய், அங்கிருந்து தலையை மட்டும் நீட்டி அவளைப் பார்த்தது.

"ஒரு குருவிகிட்டத் தோத்துட்டு வந்து நிக்கற" என்று சிரித்தான் தமிழ்வேந்தன்.

அந்த வாரம் முழுக்க அவள் வேலைக்குக் கிளம்பும் முன் தோப்பில்தான் நின்றாள். தோப்புக்காரர் அழகிரிசாமி முதலில் தேங்காய் பொறுக்க வந்தவளோ என்று பார்த்தார். விஷயம் தெரிந்ததும், "எடுத்துக்குங்கம்மா. தென்னைக்குத் தண்ணி பாயறப்ப மட்டும் கால் பாத்து வையுங்க, வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு படம் சிக்கியது. பறவை தெளிவாகத் தெரிந்தது. கொண்டை சிவப்பாக, அலகு கூராக, முதுகு தங்கமாக. மகள் செவ்வந்தியைப் போனில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். 'கொங்குச் சிறகுகள்' என்று பெயர். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் பறவைப் படம் போடும் இடம். அதில் தன் படத்தைப் போட்டாள். 'அருமை', 'சூப்பர் மேடம்', மூன்று ரோஜாப்பூ, ஒரு கும்பிடு. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாகப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் வந்த ஒன்றில் நின்றாள். உஸ்மா என்று ஒரு பெயர். திருப்பூர்.

"வால் எங்கேங்க?"

படத்தைத் திறந்து பார்த்தாள். வால் இல்லை. கீழ் ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. இத்தனை நேரம் அதைக் கவனிக்கவே இல்லை. சுருக்கென்றது. வாலில் என்ன இருக்கிறது, முகம்தானே முக்கியம் என்று தோன்ற, அதையே எழுதியும் விட்டாள். உடனே பதில் வந்தது.

"அது வாலு மேலதானுங்க உக்காந்திருக்குது. மரங்கொத்திக்கு வாலை வெட்டினா நாற்காலியில கால வெட்டின மாதிரி."

இது மெய்தானா? அடுத்த நாள் செவ்வந்தி கேமராவைத் தூக்கவில்லை. வாலை மட்டும் பார்த்தாள். இரண்டு காலாலும் மரத்தைக் கவ்விக்கொண்டு, விறைத்த வாலை மரத்தில் ஊன்றி, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கொத்துவதற்குத் தலையைப் பின்னுக்கு இழுக்கும்போதெல்லாம் வால் வளைந்து கொடுத்தது. இத்தனை நாள் பார்த்தும் இதைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியம். அதன்பிறகு எடுத்த படத்தில் வால் இருந்தது. போட்டாள்.

"இப்ப உக்காந்திருச்சு" என்று எழுதினாள் உஸ்மா. "கண்ணு மட்டும் இருட்டா இருக்குது. சூரியனை நீங்க உங்க முதுகுல வாங்கணும். அதோட முதுகுல விட்டுப்போட்டீங்க."

இப்படித்தான் தொடங்கியது. யாரும் சொல்லாததை அவள் ஒருத்தி சொன்னாள். புகழ்ச்சி கிடையாது, வசவும் கிடையாது. 'வெள்ளை எல்லாம் எரிஞ்சுபோச்சு, இறக்கை வரி தெரியல.' 'கீழ நின்னு மேல பாத்து எடுத்தா வயிறுதான் வரும்.' 'பின்னாடி ஒரு மட்டை தலையில கொம்பு முளைச்ச மாதிரி நிக்குது.' செவ்வந்திக்குச் சில நாள் கோபம் வரும். ஒருநாள் போனைச் சோபாவில் எறிந்துவிட்டு, "இவ யாருங்க, எனக்கு மாமியாளா?" என்று கணவனிடம் கத்தினாள். தமிழ்வேந்தன் படத்தை வாங்கிப் பார்த்தான். "மட்டை கொம்பாட்டத்தான் இருக்குது" என்றான்.

ஆனால் ஒவ்வொரு குறையும் அவளைத் தோப்பில் வேறொரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. வெயில் எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்த மரத்துக்கு அது முதலில் வருகிறது, கீழிருந்து மேலே ஏறுமா மேலிருந்து இறங்குமா என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒருமுறை தொடர்ச்சியாக எடுத்த படங்கள் சிலவற்றில் கண் வெள்ளை படர்ந்தாற்போல் இருந்தது. கண்ணில் ஏதோ கோளாறு, இல்லை தன் கைக் கோளாறு என்று நினைத்து அழிக்கப் போனவள், எதற்கும் கேட்போம் என்று உஸ்மாவுக்கே அனுப்பினாள்.

"எனக்கும் தெரியலீங்க்கா" என்றாள் உஸ்மா. அக்கா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கொத்தற நேரத்துல மட்டும் அப்படி இருக்குதான்னு பாருங்களேன்."

அடுக்கி வைத்துப் பார்த்தாள். அலகு மரத்தில் படுகிற படத்தில் எல்லாம் கண் மூடியிருந்தது. தலை பின்னுக்கு வந்ததும் திறந்திருந்தது. இருவரும் தேடிப் படித்தார்கள். பறவைக்கு உள்ளே இன்னொரு இமை உண்டாம். மரத்தூள் தெறித்துக் கண்ணில் படாமலிருக்கக் கொத்துவதற்குச் சற்று முன் அது மூடிக்கொள்ளுமாம். மறுநாள் எக்ஸ்ரே அறையில் ஈய அங்கியை மாட்டிக்கொள்ளும்போது செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. எதிரே நின்ற நோயாளி, "என்னங்க சிஸ்டர், எலும்பு உடைஞ்சிருக்குதுங்களா?" என்று பயந்துபோனார்.

இன்னொரு நாள் நான்கு படங்களை ஒன்றாகப் போட்டாள். "நம்ம தோப்பு ஆள், நாலு கோலத்துல" என்று எழுதியிருந்தாள்.

"மூணாவதுல இருக்கறது வேற ஆளுங்க்கா" என்று வந்தது பதில். "நெத்தியைப் பாருங்க. மத்த மூணுலயும் நெத்தியில இருந்தே சிவப்பு. இதுல முன்பக்கம் கறுப்பு, அதுல வெள்ளைப் புள்ளி. இது பொட்டைங்க."

செவ்வந்தி ஒரு பறவை என்று நினைத்து இரண்டு மாதமாக ஒரு குடும்பத்தையே படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பங்குனியில் அந்தக் குடும்பத்தின் வீடும் கண்ணில் பட்டது. பாதியில் முறிந்து தலை போன ஒரு மொட்டைத் தென்னை. அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே வட்டமாக ஒரு பொந்து. மரத்துக்கு மிக அருகிலேயே தோப்பின் மோட்டார் ரூம். அதன் கூரையில் ஏறி உட்கார்ந்தால் பொந்து நேர் எதிரே, கண் மட்டத்துக்கு வந்தது. சூரியன் முதுகில். பின்னால் கொம்பு முளைக்கிற மட்டை எதுவும் இல்லை. இனிமேல் குறை சொல்வதற்கு உஸ்மாவுக்கு என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டே செவ்வந்தி ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஆண் பறவை வாயில் இரையோடு வந்து பொந்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. கொண்டை தீயாகச் சிவந்திருந்தது. வால் ஊன்றியிருந்தது. கண்ணில் வெளிச்சத்தின் பொட்டு. பொந்துக்குள்ளே குஞ்சின் அலகுகூடத் தெரிந்தது. இப்படி ஒரு படத்தை அவள் அதுவரை எடுத்ததில்லை. குழுவில் போட்டதும் போன் ஓயாமல் அடித்தது. காலண்டரில் போடலாம் என்றார் ஒருவர். செவ்வந்தி காத்திருந்தது உஸ்மாவுக்காக.

"நல்ல படம்க்கா. எல்லாம் சரியா இருக்குது. ஆனா ஒண்ணு கேக்கறேன். இரையை ஏன் இன்னும் வாயிலயே வெச்சிருக்குது?"

செவ்வந்திக்குப் புரியவில்லை. குஞ்சுக்குக் கொடுப்பதற்காக வைத்திருக்கிறது, வேறெதற்கு?

"அது குஞ்சைப் பாக்கலீங்க. உங்களைப் பாக்குது."

போனைக் கவிழ்த்து வைத்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேமராவை எடுத்து, அன்று காலை எடுத்த எல்லாப் படங்களையும் வரிசையாக ஓட்டினாள். ஒன்றில் பறவை பொந்துக்கு இடப்பக்கம். ஒன்றில் வலப்பக்கம். ஒன்றில் பறந்துபோய்த் திரும்பி வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் வாயில் அதே இரை. எல்லாவற்றிலும் கண் நேராக லென்ஸில். ஒன்றில்கூட அது உள்ளே தலையை விடவில்லை. எக்ஸ்ரே மேசையில் படுக்க வைத்ததும் சிலர் அவளைப் பார்ப்பார்கள், இவள் என்ன செய்யப் போகிறாளோ என்று. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலை முழுக்க அதை அழகு என்று நினைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். உள்ளே குஞ்சு பசியோடு கிடந்திருக்கிறது.

படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாள். உஸ்மாவுக்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதுவதற்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு கேமரா பீரோவுக்குப் போனது. ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. வேலைவிட்டு வந்ததும் தோப்பின் எதிர் ஓரத்தில், வாய்க்கால் மேட்டில் போய் உட்காருவாள். அங்கிருந்து பார்த்தால் மொட்டைத் தென்னை கை விரல் அளவுதான் தெரியும். பறவைகள் அவளைச் சட்டைசெய்யவில்லை. இரையோடு வந்தன, உள்ளே தலையை விட்டன, வெறும் வாயோடு போயின. எத்தனை வேகம்! இரையை வைத்துக்கொண்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை. இருட்டுவதற்கு முன் ஒரு பறவை பொந்துக்குள் போனால் வெளியே வராது. அது ஆணா பெண்ணா என்று அறிய அவளுக்கு ஆவல். தமிழ்வேந்தனின் பைனாகுலரை, மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊட்டியில் வாங்கியதை, தேடி எடுத்துக்கொண்டு போனாள். மங்கலாக இருந்தாலும் நெற்றி தெரிந்தது. முழுச் சிவப்பு. மறுநாளும் அதுதான். அதற்கடுத்த நாளும்.

அதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னால் புரிகிற ஆள் ஒருத்திதான்.

"கண்ணு, ராத்திரியில குஞ்சுகூடப் படுக்கறது அப்பனாட்ட இருக்குது. தெனம் அவன்தான் உள்ள போறான்" என்று எழுதினாள்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க்கா. எனக்கு நைட் ஷிப்ட்டு வந்தா சாஜித்துதான் புள்ளையைத் தூங்க வெக்கோணும்."

அப்போதுதான் உஸ்மாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது. முப்பத்திரண்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மேசையில் வந்து விழும் ஒவ்வொரு சட்டையிலும் தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, கழுத்து கோணியிருக்கிறதா என்று பார்ப்பாள். "எதைப் பாத்தாலும் மொதல்ல குறைதானுங்க கண்ணுல படுது. எங்க மாமியா வடையைக்கூட ஓட்டை நடுவுல இல்லைன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்று எழுதினாள். செவ்வந்தி வாய்க்கால் மேட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

குஞ்சுகள் பறந்தபிறகுதான் கேமரா மறுபடி வெளியே வந்தது.

ஆடி மாதம் அந்தியூர்த் தேர்த் திருவிழா. வருஷா வருஷம் பொன்னாத்தாள் தங்கையை அழைப்பாள். குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் சேர்ந்து ஊரே தூசியும் மணியோசையுமாக இருக்கும். நடனமாடுகிற குதிரையைச் சுற்றி நூறு போன்கள் உயர்ந்திருந்தன. செவ்வந்தியும் கேமராவை உயர்த்தினாள். ஆனால் அவள் காதில் குதிரையுடையது அல்லாத வேறொரு கனைப்பு விழுந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் பின்னால், பர்கூர் மலைப்பக்கம் போகிற மண்பாதையில் தேடிக்கொண்டு நடந்தாள்.

காய்ந்த வேப்பமரம் ஒன்றின் உச்சியில் ஒரு மரங்கொத்தி. பொன் முதுகுதான். ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. தோப்பு ஆள் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பார்த்துப் பழகிய முகத்தில் மீசையை எடுத்துவிட்டால் முதலில் என்ன மாறியது என்று தெரியாதே, அப்படி. என்ன என்று யோசிப்பதற்குள் கை பொத்தானை அழுத்திவிட்டது. இரண்டு மூன்று படம். பறந்துவிட்டது.

பார்த்தால், உஸ்மா இதுவரை சொன்ன குறையெல்லாம் ஒரே படத்தில் இருந்தது. வெயில் எதிரே. கண் இருட்டு. கீழேயிருந்து எடுத்ததால் பாதி வயிறு. வேறு வழியில்லாமல் அப்படியே அவளுக்கு அனுப்பினாள். "மோசமான படம்தான். இருந்தாலும் பாரு கண்ணு."

மத்தியானம் வரை பதில் இல்லை. பிறகு போன் அடித்தது. இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை. உஸ்மாவின் குரல் செவ்வந்தி நினைத்திருந்ததைவிட மெலிசாக இருந்தது. பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"அக்கா, அதோட பின்கழுத்தைப் பாத்தீங்களா?"

"என்ன கண்ணு?"

"நம்ம தோப்பு ஆளுக்கு அங்க கறுப்பு. இதுக்கு வெள்ளையா இருக்குது. வெண்பிடரி மரங்கொத்தின்னு ஒண்ணு இருக்குதுங்க்கா, நம்ம பக்கம் லேசுல பாக்க முடியாது. ஆனா எனக்கு நிச்சயமாச் சொல்ல முடியல. அந்தப் பிடரி மெய்யாலுமே வெள்ளைதானுங்களா, இல்ல வெயில் பட்டு எரிஞ்சுபோன வெளிச்சமா?"

செவ்வந்தி கேமராவின் சின்னத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளை. அவ்வளவுதான் தெரிந்தது. அது இறகின் வெள்ளையா வெயிலின் வெள்ளையா என்று படம் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் அவள் என்ன செய்வாள்? நோயாளியைத் திரும்ப நிற்க வைப்பாள்.

"தெரியலியே கண்ணு" என்றாள். பிறகு, யோசிக்காமலே, "நீயே வந்து பாக்கறியா?" என்றாள்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை இருவருக்கும் விடுப்பு கிடைத்தது. செவ்வந்தி கோயமுத்தூரில் ஏறிய ரயிலில் உஸ்மா திருப்பூரில் ஏறிக்கொண்டாள். ஒல்லியான பெண். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டே பெட்டியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், கேமராப் பையைக் கண்டதும் சிரித்தாள். அவள் கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது.

"உன்ர கேமரா எங்க?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"எங்கிட்ட ஏதுங்க்கா கேமரா? போன்தான்."

"அப்ப நீ எடுத்த படமெல்லாம்?"

"நான் எப்பங்க படம் போட்டேன்?" உஸ்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கம்பெனி மொட்டைமாடியில டீ குடிக்கறப்ப மைனா, காக்கா, எப்பவாச்சும் ஒரு பருந்து. மத்ததெல்லாம் நீங்க எடுக்கறதைப் பாத்துத்தான். மரங்கொத்தியை இன்னிக்கு வரைக்கும் நேர்ல பாத்ததே இல்லீங்க. சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல."

செவ்வந்தி கேமராப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஆறேழு மாதமாகத் தன்னைத் தோப்பெல்லாம் ஓட வைத்தவள் ஒரு படம்கூட எடுத்ததில்லை. கோபம் வர வேண்டும் என்றுதான் நினைத்தாள். வந்தது வேறு. வெறும் படத்தைப் பார்த்தே இவள் இவ்வளவையும் கண்டிருக்கிறாள் என்றால், பறவையைப் பார்த்தால் என்னவெல்லாம் காண்பாள்!

பொன்னாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். விருந்தாளி யார் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாட்டுக்கோழியை விட்டுவிட்டு முட்டைக் குழம்பு வைத்திருந்தாள். "முட்டைன்னா ஒண்ணும் இல்லீங்களே அம்மணி? எனக்கு உங்க முறை தெரியாது, கேட்டுக்கறதுதான் நல்லது" என்றாள். உஸ்மா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு குருவியின் கழுத்தைப் பார்க்கவா திருப்பூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வந்தீர்கள் என்று பொன்னாத்தாள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றதும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அதைச் சொன்னாள்.

மறுநாள் காலையில் வெளிச்சம் வந்ததும் மண்பாதையில் நடந்தார்கள். காய்ந்த வேப்பமரத்தில் யாரும் இல்லை. புதரோரமாக உட்கார்ந்தார்கள். கனைப்புச் சத்தம் கேட்டு இருவரும் எழுந்தார்கள். வந்து ஒட்டியது பழைய ஆள், கறுப்புப் பிடரி. செவ்வந்திக்குச் சப்பென்று ஆனது. ஆனால் உஸ்மா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத்தனை பெருசாங்க்கா?" என்று கிசுகிசுத்தாள். "படத்துல பாத்துப்போட்டு நான் மைனா அளவுன்னு நெனச்சிருந்தேன். வாலைப் பாருங்க, வளையுது!"

செவ்வந்தி பறவையைவிட்டு உஸ்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தைப் படம் எடுக்கத் தோன்றியது. எடுக்கவில்லை. யாரையாவது வெகு பக்கத்தில் நின்று உற்றுப் பார்ப்பது என்றால் இப்போதெல்லாம் அவளுக்கு ஒரு யோசனை வந்துவிடுகிறது.

வெயில் ஏறியது. போகலாமா என்று கேட்க வாயெடுத்தபோது, பாதைக்கு அந்தப்பக்கம் அடர்ந்த வாகை மரத்தின் நிழலுக்குள் ஏதோ தாவி ஒட்டியது. செவ்வந்தி லென்ஸை நீட்டினாள். பொன் முதுகு. தலை சிவப்பாக இல்லை. மஞ்சள்.

"தலை மஞ்சள்க்கா!" உஸ்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பொட்டைக்குத்தான் மஞ்சள். இதுதான், இதுதான். திரும்பச் சொல்லுங்க, கழுத்தைக் காட்டச் சொல்லுங்க!"

பறவை தன்பாட்டுக்குப் பட்டையைப் பெயர்த்தது. மேலே இரண்டு தாவு ஏறியது. பிறகு தானாகவே தலையை அந்தப்பக்கம் திருப்பியது. செவ்வந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பின்கழுத்து முழுக்க, சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. மேலே இலை மூடியிருந்தது. ஒரு துளி வெயில்கூட அதன் மேல் விழவில்லை.

"நிழல்லயும் வெள்ளைதான் கண்ணு" என்றாள் பொத்தானை அழுத்திக்கொண்டே.

அது போன பிறகுதான் இருவரும் மூச்சு விட்டார்கள். பின்னால் வந்து நின்றிருந்த பொன்னாத்தாள், "பாத்தாச்சா? வாங்க, இட்லி ஆறிப்போச்சு" என்றாள்.

அன்று மத்தியானம் ஈரோட்டில் ரயில் ஏறினார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செவ்வந்தி படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். குழுவில் எதைப் போடுவது என்று பேச்சு. கழுத்து நன்றாகத் தெரிகிற படத்தில் அலகுக்குக் குறுக்கே ஒரு சுள்ளி ஓடியது.

"சுள்ளி கெடுக்குதுங்க்கா" என்றாள் உஸ்மா. "அடுத்த படம் சுத்தமா இருக்குது. அதைப் போடலாம்."

"இல்ல கண்ணு." செவ்வந்தி சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் வியந்தாள். உஸ்மா சொன்னதை மறுத்துச் சொல்ல அவளிடம் காரணம் இருந்தது இதுதான் முதல் தடவை. "அடுத்த படத்துல அது சும்மா உக்காந்திருக்குது. இதுல பாரு, அந்தச் சுள்ளி முளைக்கிற எடத்துலதான் பட்டையைப் பேத்திருக்குது. சுள்ளி இல்லைன்னா அது அங்க வந்திருக்காது."

உஸ்மா படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அப்ப இது இருக்கட்டும்" என்றாள். பிறகு மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். "அக்கா, அலகு நுனியில ஏதோ இருக்குதுங்க."

"பட்டைத் துணுக்கா இருக்கும்."

"பட்டைன்னா இத்தனை வழுவழுப்பா இருக்குமாங்க? புழு மாதிரி இருக்குது."

"புழுன்னா ஒரு பக்கம் கறுப்பா இருக்கணுமே, தலை."

"இங்க பாருங்க, இது கறுப்பு இல்லியா?"

பெரிதாக்கினார்கள். இன்னும் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கப் பெரிதாக்கப் புழுவும் பட்டையும் ஒன்றாகக் குழம்பி வெறும் கட்டங்களாக நின்றன. முந்தைய படத்துக்குப் போனார்கள், அதில் அலகு மறைந்திருந்தது. அதற்கும் முந்தையதில் அலகு பட்டைக்குள் புதைந்திருந்தது. வண்டி எங்கோ நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள், வண்டி கிளம்பியது. எதிரே புதிதாக வந்து உட்கார்ந்தவர் கையில் ஒரு பனியன் கம்பெனிப் பை இருப்பதைப் பார்த்துத்தான் உஸ்மா நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, இது எந்த ஸ்டேஷனுங்க?"

"திருப்பூருங்க" என்றார் அவர். "இப்பத்தான் எடுத்தான்."

உஸ்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு சாஜித்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் பெரிதாக ஒன்றும் திட்டு விழவில்லை போலிருந்தது. "இல்ல, கோயமுத்தூர் போயிட்டு வாரேன். இல்லீங்க, தூங்கல. புழுவான்னு பாத்துட்டு இருந்தோம்... அதை வந்து சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வந்தி தன் போனை எடுத்துத் தமிழ்வேந்தனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அரிசி போட்டாச்சா? இல்லைன்னா ஒரு ஆளுக்குச் சேத்துப் போட்டுருங்க. அப்புறம் அந்த லேத்துல பாக்கற பூதக்கண்ணாடி இருக்குதில்ல, அதைக் கொஞ்சம் எடுத்து வையுங்க."